கதியால் முதல் கச்சதீவு வரை: ஓய்வுபெற்ற நில அளவையாளரிடம் கேட்டவை

இருபத்தெட்டு வருடம் சங்கிலியும் தியோடலைட்டும் (கோணம் அளக்கும் கருவி) தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டு ஒழுங்கைகளில் திரிந்தவன் நான். வரைபடமும் ஆட்சியும் பற்றிக் கேளுங்கள் என்றேன், நிறையக் கேட்டுவிட்டீர்கள். முடிந்தவற்றுக்குப் பதில்.

கேள்வி: அண்ணை, வரைபடம் இருக்கிறதைத்தானே காட்டுகிறது? அதில் அதிகாரம் எங்கே வருகிறது?

பதில்: ராத்திரியோடு ராத்திரியாகக் கதியாலை (வேலிக்கு நடும் கம்பை) ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, பத்து வருடம் கழித்து "வேலி எங்கட அப்பா காலத்திலிருந்தே இங்கதான்" என்று சாதிக்கிறவரை எல்லோரும் பார்த்திருப்போம். வெள்ளைக்காரர் அதைச் சட்டம் போட்டுச் செய்தார்கள். 1800இல் இலங்கையில் நில அளவைத் திணைக்களம் வந்தது. 1840இல் வந்த கட்டளைச் சட்டம், காடு, தரிசு, பயிரிடாத காணி எல்லாம், மறுத்து நிரூபிக்கும்வரை முடிக்குரியது, அதாவது அரசுக்குரியது, என்றது. யார் நிரூபிப்பது? தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தவன். அவனிடம் உறுதியும் (காணிப் பத்திரம்) இல்லை, பிளானும் (அளந்து வரைந்த படம்) இல்லை, அளக்கிறவனும் அவனுடைய ஆள் இல்லை. மலைநாட்டில் அப்படி முடிக்குப் போன காணியில் எவ்வளவோ கோப்பித் தோட்டங்களாயின. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வரி வாங்கவென்று எழுதி வைத்த தோம்பு என்ற காணிப் பதிவேடு இருந்தது. வரிக்கு எழுதியதே பிறகு காணிக்காரனுக்குச் சாட்சியாகவும் நின்றது, அதுதான் வேடிக்கை.

கேள்வி: நெடுந்தீவை ஏன் டெல்ஃப்ட் என்கிறார்கள்?

பதில்: ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை நம் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம், வேலணைத் தீவு லெய்டன். அவையெல்லாம் உதிர்ந்துபோக, ஆங்கிலத்தில் டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறுகிற சனம் இன்றைக்கும் நெடுந்தீவு என்றுதான் கேட்கும்.

கேள்வி: சேர், மாகாண எல்லைகள் பழைய இராச்சிய எல்லைகள்தானே?

பதில்: இல்லை. 1833இல், ஆட்சியைச் சீர்திருத்த பிரித்தானியர் அனுப்பிய கோல்புரூக் குழுவின் சிபாரிசுப்படி, தீவை ஐந்து மாகாணமாக வெட்டினார்கள். கண்டி இராச்சியத்தின் நிலம் ஐந்துக்குமாகப் பிரிந்து போனது. 1818இல் கண்டியர் செய்த கிளர்ச்சியைக் கண்ட ஆட்சிக்கு அது வசதியாகவே இருந்தது. அப்போதைய வட மாகாணத்துக்குள் அனுராதபுரம் பக்கத்து நுவரகலாவியவும் இருந்தது, 1873இல்தான் அது வடமத்திய மாகாணமானது. ஐந்து ஒன்பதாகி முடிந்தது 1889இல். இன்றைக்கு ஆதி எல்லை என்று சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்தாரும் இந்த வருடங்களை ஒருமுறை பார்த்தால் நல்லது.

கேள்வி: இந்தியாவை அளந்த கதை தமிழ்நாட்டில் தொடங்கியதாமே?

பதில்: ஆமாம். திப்பு விழுந்து மூன்று வருடத்தில், 1802இல், மதராசில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் என்ற வெள்ளைக்கார அளவையாளர் அடிக்கோடு (மற்ற அளவெல்லாம் தொடங்குகிற முதல் கோடு) அளந்தார். பிடித்த நாட்டை அளந்தால்தானே வரியும் படையும் ஒழுங்காகப் போகும்! 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்துக்கு அரை டன் தியோடலைட்டைக் கயிற்றால் ஏற்றும்போது அது சுவரில் மோதி நொறுங்கிவிட்டது, மனிதர் உட்கார்ந்து தானே திருத்தினார். தொழில்காரனாக அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிடுகிறது, என்ன செய்ய?

கேள்வி: ராட்கிளிஃப் கோடு?

பதில்: இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் எல்லை போட்ட கோடு. போட்ட ராட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணாலும் காணாத வக்கீல். 1947 ஜூலையில் வந்தார், ஐந்து கிழமைக்குள் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்தார், கோடு வெளியானது ஆகஸ்ட் 17இல். சுதந்திரம் கிடைத்து இரண்டு நாளாகியும் தான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று தெரியாமல் சனம் இருந்தது.

கேள்வி: மெர்கேட்டர் வரைந்த உலகப் படம் ஆப்பிரிக்காவைச் சிறிதாக்கியது சதியா?

பதில்: 1569இல் மாலுமிகள் திசை பிடிப்பதற்கென்று அவர் வரைந்த படம், துருவப் பக்கம் வீங்கத்தான் செய்யும். அதைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியவரைக் கேளுங்கள்.

கேள்வி: கச்சதீவு?

பதில்: இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுக்கடலில் உள்ள சின்னத் தீவு, 1921இலேயே மதராசும் இலங்கையும் இதைப் பேசியிருக்கின்றன. 1974 ஒப்பந்தக் கோட்டில் தீவு இலங்கைப் பக்கம் வந்தது. இந்திய மீனவரும் யாத்திரிகரும் விசா இல்லாமல் வந்துபோகலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. 1976இல் இரண்டு அரசும் மாற்றிக்கொண்ட கடிதங்களின்படி ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பது நின்றது, கடிதத்தில் மட்டும்.

கேள்வி: ஐயா, இது சின்ன விஷயம். எங்கள் உறுதியில் காணி மூன்று பரப்பு (யாழ்ப்பாணத்துக் காணி அளவு), பிளானில் இரண்டே முக்கால்.

பதில்: சின்ன விஷயமா! பழைய உறுதியில் நாலு எல்லைக்கும் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், அனுமதி பெற்ற அளவையாளரைக் கூப்பிட்டுப் பக்கத்துக் காணிக்காரரையும் நிற்கவைத்து அளவெடுங்கள். அதுவரை வேலி அடைக்க யாரையும் விடவேண்டாம், முக்கியமாக இரவில்.