ரொறன்ரோவிலிருந்து வந்த பூட்ஸும் மட்டக்களப்பு மாரியும்

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் நான் மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறேன். ஸ்கூட்டியில் குருமண்வெளித் துறைக்குச் சென்று, வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் படகுப்பாதையில் வாவியைக் கடந்து, மீண்டும் ஸ்கூட்டியில் போக வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் செருப்பும் சேலைக் கரையும் சேறாகாமல் வகுப்பறைக்குள் நுழைந்த நாளே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள், தான் இரண்டு குளிர்காலம் அணிந்த ஒரு சோடி கறுப்பு பூட்ஸை அனுப்பியிருக்கிறார். கணுக்காலுக்குச் சற்று மேலே வரும். உள்ளே உரோமம் வைத்துத் தைத்தது. இதை மாரிக்குப் பயன்படுத்தலாமா? ஜனவரியில் ஒரு வாரப் பயிற்சிக்காக நுவரெலியா செல்கிறேன். அங்கே எந்த உடையோடு அணிவது பொருத்தம்?

பதில்: மாரிக்கு வேண்டாம்; நுவரெலியாவுக்குத் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அதன் அடிப்பாகத்தை ஒருமுறை சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையைப் பின்னால் சொல்கிறேன். முதலில், பார்ப்பதற்கு இவ்வளவு உறுதியாக இருக்கும் காலணி நம்முடைய மழைக்கு ஏன் ஆகாது என்பதை விளக்கிவிடுகிறேன். அது விளங்கிவிட்டால், வேறு எந்தக் காலணியை வாங்குவது என்பதை நீங்களே கடையில் தீர்மானித்துக்கொள்ளலாம்.

குளிர்கால பூட்ஸின் வேலை பாதத்தின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது. உரோமத்துக்கும் பஞ்சுக்கும் இடையில் சிறைப்பட்ட காற்றுத்தான் அந்தச் சூட்டைக் காக்கிறது. கனடாவில் கடுங்குளிர் நாட்களில் காலடியில் கிடக்கும் பனி பெரும்பாலும் உலர்ந்தது. உருகும்வரை அது நனைக்காது. எனவே அங்கே விற்கும் பூட்ஸ் பெட்டிகளில் பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை, 30 பாகைக் குளிர்வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் டிசம்பர் மாதத்திலும் வெப்பநிலை 23 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில்தான் ஊசலாடுகிறது. வாடைக்காற்றில் உடம்பு நடுங்கினாலும் பாதத்துக்குக் கம்பளி தேவைப்படும் குளிர் அது அன்று. நமக்கு வரும் தொல்லை வெள்ளம். அது அடியால் கசிவதைவிட மேல் விளிம்பால் நுழைவதே அதிகம். கணுக்காலளவு பூட்ஸுக்குள் ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால், வெளியிலிருந்து நீரைத் தடுக்கும் அதே உறைதான் உள்ளே புகுந்த நீரையும் போகவிடாமல் தடுக்கும். நனைந்த உரோமம் மாரிக் காலத்து ஈரக் காற்றில் உலர மூன்று நாளாவது செல்லும். நான்காம் நாள் நாற்றம் தொடங்கிவிடும்.

வேர்வை வேறு இருக்கிறது. இரண்டு பாதங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 2,50,000 வேர்வைச் சுரப்பிகள் உண்டு என்பார்கள். விலையுயர்ந்த சில பூட்ஸ்களில் நீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியேற்றும் மெல்லிய சவ்வு வைத்திருப்பார்கள். வெளிக்காற்று உட்புறத்தைவிடக் குளிராகவும் உலர்ந்தும் இருக்கும்போதுதான் அந்தச் சவ்வு நன்றாக வேலை செய்யும். வெளியே காற்றே ஈரத்தால் கனத்துக் கிடக்கும் மட்டக்களப்பு மாரியில் ஆவி எங்கே போகும்? அதனால், மழை ஒரு துளி படாமல் நீங்கள் பாடசாலை போய்ச் சேர்ந்தாலும் கால் நனைந்துதான் இருக்கும்.

எனவே மாரிக் காலணியைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர் புகாத காலணியைத் தேடாதீர்கள். புகுந்த தண்ணீர் உடனே வெளியேறி, துடைத்தவுடன் உலரக்கூடியதைத் தேடுங்கள். குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, இறப்பர் அடியுடன் கூடிய செருப்பே என் தெரிவு. பின்வார் ஏன் என்றால், விரலிடுக்கில் மாட்டும் சாதாரண பாட்டாச் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் அடித்துச் சேற்றைப் பின்பக்கமாக மேலே வீசும். உங்கள் சேலையின் பின்கரையில் புள்ளி புள்ளியாகப் படிந்திருப்பது வீதியிலிருந்து தெறித்தது என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். பாதிக்கு மேல் உங்கள் செருப்பு வீசியது. ஸ்கூட்டியை நிறுத்தக் கால் ஊன்றும்போதும், படகுப்பாதையின் ஈரத் தளத்தில் நிற்கும்போதும் பின்வார் உள்ள செருப்பு கழன்றுவிடாது. அடியைத் திருப்பிப் பாருங்கள்: ஆழமான வரிகள், பக்கவாட்டில் திறந்த முனைகளோடு இருக்க வேண்டும். நுரை போன்ற இலேசான அடிகள் நடக்கச் சுகமானவை. ஆனால் தேய்ந்து வழுவழுப்பானதும் ஈரச் சீமெந்துத் தரையில் அவற்றைப்போல் வழுக்குபவை வேறில்லை. ரெக்சின் மேற்பாகம் வேண்டாம். அதன் பூச்சு ஈரத்தில் சிதைந்து செதில் செதிலாக உரியும். பாடசாலை அலுமாரியில் ஒரு சோடி உலர்ந்த, தட்டையான சப்பாத்து நிரந்தரமாக இருக்கட்டும். போனவுடன் காலைக் கழுவித் துடைத்து அதை மாட்டிக்கொள்ளுங்கள். தோற்றத்துக்கான காலணி வகுப்பறைக்கு, வழிக்கான காலணி வழிக்கு என்று இரண்டையும் பிரித்துவிட்டால், ஒரே செருப்பில் அழகையும் உழைப்பையும் தேடிக் காசை விரயமாக்க நேராது.

வயலுக்கு அணியும் முழங்காலளவு கம்பூட்ஸ் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வெள்ளம் குறுக்கே பாயும் சிறு தூரத்தை நடந்து கடக்க அது நல்லது. அதை அணிந்து ஸ்கூட்டி ஓட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கனத்த அடியோடு காலை விரைந்து தூக்கவோ ஊன்றவோ முடியாது.

சேலைக்கு வருகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியில் காலணியைவிடப் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐந்தரை மீற்றர் துணியின் கீழ்க்கரை முழுவதும் நிலத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் சுற்றிவரும்போது எந்தக் காலணியும் உங்களைக் காப்பாற்றாது. மாரி மாதங்களில் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். உட்பாவாடை சேலையைவிட இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்திருக்கட்டும். நனைந்த உட்பாவாடை காலில் ஒட்டிக்கொண்டு அடியைக் குறுக்கும். பலர் துறையில் தடுமாறுவது வழுக்கலால் மட்டுமன்று, இதனாலுந்தான். துணியின் தன்மையும் முக்கியம். சாதாரணமாக நாம் உலர்ந்தது என்று சொல்லும் பருத்திகூடத் தன் எடையில் ஏறத்தாழ 8.5 வீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து வாங்கி வைத்திருக்கும்; பொலியெஸ்டர் வைத்திருப்பது 0.4 வீதம் மட்டுமே. கோடையில் பருத்தி குளிர்ச்சி தருவதும் மாரியில் அது உலராமல் வாட்டுவதும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள். எனவே வாவியைக் கடக்கும் நாட்களுக்குப் பொலியெஸ்டர் ஜோர்ஜெட், கிரேப் வகைகளை வைத்துக்கொள்ளுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சேலைகளை மழை விட்ட நாட்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒதுக்குங்கள். அவற்றை மாரி முடியும்வரை கஞ்சி போட்டு அடுக்காதீர்கள். கஞ்சிப் பசை ஈரத்தில் பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் விருந்தாகிவிடும்.

நிறத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கறுப்புச் சேலை சேற்றை மறைக்கும் என்று எண்ணுகிறார்கள். வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையின் சேறு காய்ந்தால் சாம்பல் நிறம், கறுப்பில் அது சுண்ணாம்பு தெளித்ததுபோல் தெரியும். நடுத்தர நிறங்களில், கரைப்பகுதியில் சிறு பூவோ கோடோ நெருக்கமாக அச்சிட்ட துணியே சேற்றை விழுங்கும். சேறு பட்டவுடன் ஈரக் கைக்குட்டையால் தேய்ப்பது நாம் எல்லோரும் செய்வது. அது மண்ணை நூலுக்குள் ஏற்றிவிடும். காயவிட்டு, உதிர்த்து, தூரிகையால் தட்டி, பிறகு குளிர்ந்த நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

பாடசாலையில் உடை மாற்ற ஓர் அறை கிடைக்குமானால், சுரிதார் அணிந்து அதன்மேல் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையுமாகத் தைத்த மழை அங்கியைப் போட்டுக்கொண்டு பயணம் செய்து, அங்கே சேலைக்கு மாறுவதையே நான் சொல்வேன். போர்வைபோல் தொங்கும் மழை அங்கி காற்றில் உப்பிக் கண்ணாடியை மறைக்கும், சில்லிலும் சிக்கலாம். காலையில் சேலை கட்டப் பத்து நிமிடம் இல்லையென்றால், இரண்டு மூன்று சேலைகளுக்கு முன்மடிப்பைத் தையற்காரியிடம் கொடுத்துத் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கிப் பார்த்தாலொழிய வேறுபாடு தெரியாது. அபாயா அணிந்து இதே பாதையில் போகும் ஆசிரியைகளுக்கும் இந்தக் கணக்குத்தான்: மாரிக்கு ஒன்றைக் கணுக்கால் எலும்புவரை மட்டும் வரும்படி மடித்துத் தைத்து வைத்தால் போதும்.

உடையோடு சேர்ந்த ஒரு சுகாதார விடயத்தை விட்டுவிட முடியாது. விரலிடுக்கு நாள் முழுவதும் ஈரமாக இருந்தால் சேற்றுப்புண் வரும். வீடு வந்ததும் கழுவி, இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். காலில் வெட்டோ வெடிப்போ இருக்கும்போது வெள்ளநீரில் இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழி. அதன் பின் காய்ச்சலும் உடல் நோவும் கண்டால் காத்திராமல் வைத்தியரைக் காணுங்கள். வெள்ளத்தில் இறங்கியதையும் சொல்லுங்கள்.

இனி பூட்ஸ். அடிப்பாகச் சோதனையைச் சொல்வதாகக் கூறினேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இப்படி ஒரு சோடி வந்தது. இரண்டு மாரி அலுமாரியில் கிடந்த அதை மலையகப் பயணத்துக்கென எடுத்து அணிந்து, பஸ் நிலையத்தில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் அடிப்பாகம் பழைய கேக்கைப்போல் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. மேற்பாகம் புத்தம் புதிதாக இருந்தது! காரணம் எளியது. பல பூட்ஸ்களின் அடி பொலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூறுப் பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. சூடு அந்த வேலையை விரைவாக்குகிறது. அணியாமல் பூட்டி வைத்தாலும் இது நடக்கும். ரெக்சின் கைப்பைகள் உரிவதும் பெரும்பாலும் இதனால்தான். உங்கள் பூட்ஸின் அடி ஓரத்தைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்பாகவோ, மயிரிழை வெடிப்புகளோடோ, பொடி உதிர்வதாகவோ இருந்தால் பயணத்துக்கு எடுக்காதீர்கள். திடமாக இருந்தால், அணிந்து இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். மச்சாளின் பாதத்துக்குப் படிந்த உள்மெத்தை கழற்றக்கூடியதென்றால் புதியதை மாற்றுங்கள். கனடாவில் வீதிப் பனியைக் கரைக்க உப்புத் தூவுவதால் பூட்ஸில் வெள்ளைக் கோடுகள் படிந்திருக்கக்கூடும். வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பத்துப் பாகைக்குக் கீழே இறங்குவது இயல்பு. சில விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனியும் படியும். நண்பகலில் இருபதை எட்டிவிடும் என்பதால் ஒரே தடித்த ஜக்கெட்டைவிட, மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் இடுப்பளவு கம்பளி மேற்சட்டை, காற்றைத் தடுக்கும் இலேசான மேலங்கி என அடுக்காக அணிந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவது வசதி. பூட்ஸுக்குள் தடித்த மேசு ஒன்று போதும். இரண்டு போட்டு இறுக்கினால் இரத்தவோட்டம் குறைந்து கால் மேலும் குளிரும்.

உங்கள் பூட்ஸ் பருமனானது என்பதால் அதற்கு மேலே வருவது ஒடுக்கமாக இருக்க வேண்டும். முழங்காலைத் தொடும் குர்தியும் கறுப்பு லெகிங்ஸும் சிறந்த இணை: கறுப்புக் காலும் கறுப்பு பூட்ஸும் இடைவெட்டின்றி ஒரே கோடாகத் தெரிவதால் உயரம் குறைவானவர்களும் நெடிதாகத் தோன்றுவார்கள். நேர்வெட்டு டெனிம் என்றால், விளிம்பைப் பூட்ஸின் மேல் வாய்க்குச் சற்று மேலே நிற்கும்படி வெளிப்பக்கமாக ஒரே ஒரு மடிப்பு மடியுங்கள். பூட்ஸின் வாயில் துணி குவிந்து நின்றால் கால் தடித்துத் தெரியும். கணுக்காலில் சுருக்கம் விழும் சுரிதார் இதே காரணத்தால் ஒத்துவராது. பாவாடை அணிவதானால் பூட்ஸின் வாயிலிருந்து நான்கு விரல் மேலே முடியட்டும், இல்லையெனில் அதை முழுதாக மூடட்டும். உரோமம் வெளியே எட்டிப் பார்க்கும் பூட்ஸ் என்றால் அந்த ஒன்றே அலங்காரம். பூவேலை செய்த சால்வையையும் அதோடு சேர்க்க வேண்டாம். பயிற்சியின் இறுதி நாளில் சேலை அணிய நேர்ந்தால் பூட்ஸை விடுதியில் விட்டுவிட்டு, மூடிய தட்டைச் சப்பாத்தும் தோல் நிற மேசும் அணியுங்கள். இறுகப் பொருந்தும் மெல்லிய பூட்ஸ் சேலைக்குள் மறைந்துவிடும். உங்களுடையது முன்மடிப்பைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

திரும்பி வந்ததும் உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களைச் சுருட்டித் திணித்து, நிழலில் காற்றோட்டத்தில் இரண்டு நாள் வையுங்கள். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். பிறகு பிளாஸ்டிக் பைக்குள் கட்டிவிடாமல் துணிப்பையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்து வீட்டுக்குள் சிறிது நேரம் அணிந்து நடங்கள். அடுத்த குளிர்ப் பயணம் எப்போது என்று தெரியாவிட்டால், மலையகத்தில் பணிபுரியும் உறவினர் யாருக்காவது அளவு பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.