அப்போ-பி: நேராக ஓட்டினால் 148, நீர்த்து ஓட்டினால் 215. எதை நம்புவது?

கேள்வி: அரூரில் சிறிய லேப் வைத்திருக்கிறோம். ஒருவருடைய சீரத்தில் அப்போ-பி (கெட்ட கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள்களில் உள்ள புரதம்) டெசிலிட்டருக்கு 148 மி.கி. வந்தது. சலைனில் ஐந்து மடங்கு நீர்த்து ஓட்டினால் 43, அதாவது 215. நான்-எச்டிஎல் (மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல் போக மீதி) 275, ட்ரைகிளிசரைடு 190. லோ கன்ட்ரோல் (மதிப்பு முன்பே தெரிந்த, அளவு குறைவான சோதனை மாதிரி) சரியாகத்தான் இருக்கிறது. எந்த எண்ணைக் கொடுப்பது?

பதில்: 215தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு இரண்டையுமே கொடுக்காதீர்கள்.

நான்-எச்டிஎல் 130-க்கு அப்போ-பி 100, 100-க்கு 80 என்பதுதான் சிகிச்சை இலக்குகளில் உள்ள பொருத்தம். அந்தக் கணக்கில் 275-க்கு 210 போல வர வேண்டும். 148 பொருந்தவில்லை.

ஒவ்வொரு எல்டிஎல், விஎல்டிஎல் துகளிலும் ஓர் அப்போ-பி உண்டு. அதைப் பிடிக்க கிட்டில் இருக்கும் ஆன்டிபாடிக்கு இரண்டு கை. ஒரு கையால் ஒரு துகளையும் மறு கையால் இன்னொன்றையும் பிடித்து வலை பின்னும். அந்தக் கலங்கலைத்தான் மெஷின் 340 நானோமீட்டரில் அளக்கிறது. துகள்கள் அளவுக்கு மீறிப் போனால் ஆன்டிபாடி போதாமல் வலை சிறிதாகி, கலங்கல் குறைந்துவிடும். இதுதான் புரோசோன். பொய்யான எண் கேலிபிரேஷன் (தெரிந்த மாதிரிகளை வைத்து மெஷினுக்கு அளவு பழக்குவது) எல்லைக்குள்ளேயே விழுவதால் மெஷின் எச்சரிக்காது.

நல்ல கிட் 215-ஐத் தாங்க வேண்டும். ஆகவே என் சந்தேகம் ஆன்டிபாடி உள்ள ஆர்2 (கிட்டின் இரண்டாவது ரீஏஜென்ட்) பாட்டில் மேல்தான். அது உறைந்திருக்கலாம். வெயில் காலத்தில் சேலம், பெங்களூர் பார்சல்களில் ஜெல் ஐஸ் பாக்கெட்டை பாட்டிலோடு ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் ஃப்ரீஸருக்குக் கீழே வைத்தாலும் இதே கதிதான். உறைந்து உருகிய ஆன்டிபாடி திரிந்து வலுவிழக்கும். பாட்டிலை வெளிச்சத்துக்கு எதிரே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அடியிலிருந்து நூல் நூலாக வெள்ளை எழும்பினால் அதைத் தூக்கிப் போடுங்கள். தெளிவாக இருந்தாலும் ஹை கன்ட்ரோல் ஓட்டாமல் நம்பாதீர்கள். லோ கன்ட்ரோலுக்குக் கொஞ்சம் ஆன்டிபாடியே போதும், அது இந்தக் குறையைக் காட்டாது. கெட்ட பாட்டிலை வைத்து மறுபடி கேலிபிரேட் செய்தால் குறை மறையுமே தவிர தீராது. மிச்சத்தைப் புது பாட்டிலில் ஊற்றவும் கூடாது.

புது ஆர்2-வில் கேலிபிரேட் செய்து, இரண்டு கன்ட்ரோலும் சரியான பிறகு, 20 மைக்ரோலிட்டர் சீரம் + 80 சலைன், அதோடு 10 + 90, இரண்டையும் ஓட்டுங்கள். பெருக்கி வரும் விடைகள் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் கொடுக்கலாம். பிப்பெட் டிப்பின் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். அங்கே ஒட்டிய துளிகூட ஐந்து, பத்து மடங்காகப் பெருகும். டிஸ்டில்டு வாட்டர் வேண்டவே வேண்டாம், அதில் குளோபுலின் திரிந்து தானே கலங்கும்.

பால் போன்ற சீரம் வேறு கதை. அங்கே சீரத்தின் சொந்தக் கலங்கல் எண்ணைக் கூட்டிக் காட்டும். சாம்பிள் பிளாங்க், அதாவது சீரத்தின் சொந்தக் கலங்கலை மட்டும் தனியாக அளந்து கழிப்பது, அவசியம்.

அந்த பாட்டில் திறந்த நாள் முதல் கொடுத்த ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். நான்-எச்டிஎல் அதிகமாகவும் அப்போ-பி பொருந்தாமல் குறைவாகவும் உள்ளவர்களை அழைத்து, கட்டணம் வாங்காமல் மீண்டும் ரத்தம் எடுங்கள்.