300 செல் அளந்தாலும் எலி ஆறுதான்

மருந்து கொடுத்த 3 எலி, கொடுக்காத 3 எலி, ஒவ்வொன்றிலும் 50 செல் அளந்து 150-க்கு 150 என்று டி டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) போட்டேன், பி மதிப்பு (மருந்தால் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வரும் வாய்ப்பு) 0.001 வந்தும் ஆராய்ச்சி கைடு ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் சொல்வது சரிதான். மருந்து போனது எலிக்கு, செல்லுக்கு இல்லை. ஒரே உடம்பில் இருக்கும் 50 செல்லும் ஒன்றையொன்று ஒத்துத்தான் இருக்கும். அதனால் அவற்றை 50 தனித்தனிச் சான்றாக எண்ண முடியாது. டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது சோதனையில் கணக்காகும் தனித்தனித் தகவலின் எண்ணிக்கை, 298 (300 − 2) அல்ல, 4 (6 − 2). வழக்கமான 5% அளவுகோலில் வித்தியாசத்தை ஏற்க டி மதிப்பு 1.97-ஐத் தாண்டினால் போதும் என்றிருந்தது, இப்போது 2.78-ஐத் தாண்ட வேண்டும்.

முதலில் எலிக்கு ஒரு சராசரி எடுத்து, அந்த ஆறு புள்ளிகளை மட்டும் வரைந்து பாருங்கள். செல் அளவுத் தகவலை விட மனமில்லையா, எலியை ரேண்டம் எஃபெக்டாக வைத்து மிக்ஸட் மாடல் போடலாம்; எந்தச் செல் எந்த எலியுடையது என்பதையும் கணக்கில் எடுக்கும் முறை அது. அப்புறம், இன்னும் செல் எண்ணிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கூடுதல் எலிக்கு அனுமதி கேளுங்கள்.