கல்லடி அக்காவின் பதில்கள்: லெஸ்டரில் இருக்கும் மகன் யாருக்கு வாக்குப் போடுவது?

கேள்வி: அக்கா, என் மகன் 2022இல் கெயார் விசாவில், முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் வேலைக்கு, இங்கிலாந்து போனவன். லெஸ்டர் நகரத்தில் கிழக்குப் பக்கம் வீடு. மருமகளும் பேத்தியும் அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்கள். என் அண்ணன் மகனும் அங்கேதான் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் எல்லாரும் ஒன்றாகப் பேசுவோம். கொஞ்ச நாளாக அடுத்த பொதுத் தேர்தல் கதைதான். மருமகள் தொழிற்கட்சி என்கிறாள், அண்ணன் மகன் கன்சவேட்டிவ் என்கிறான். மகனோ, "நான் அந்த நாட்டுக் குடிமகன் இல்லையேம்மா, எனக்கேது வாக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கிறான். நீங்கள் அங்கே இருந்து வந்தவர். எங்கட சனத்துக்கு நல்லது செய்யிற கட்சி எது? சொன்னால் மகனிடம் சொல்லிவிடுவேன். அவன் என் பேச்சைத் தட்டமாட்டான்.
ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, கட்சிக்கு மறுகா வருவோம். முதலில் மகனுக்கு வாக்கு உண்டு என்பதைச் சொல்லுங்கள். இலங்கை ஒரு பொதுநலவாய நாடு. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள், விசாவோடு பிரித்தானியாவில் சட்டப்படி வசித்தால், 18 வயது நிறைந்திருந்தால், பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரித்தானியக் கடவுச்சீட்டு தேவையில்லை. மருமகளுக்கும் அப்படித்தான். ஆனால் கிராம சேவகர் படிவத்தோடு வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்கக் கூடாது. தாங்களே பதிய வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிட வேலை, நஷனல் இன்சூரன்ஸ் (அந்த நாட்டுச் சமூகக் காப்புறுதி) இலக்கம் கையில் இருந்தால் போதும். வாக்களிப்புக்கு 12 வேலை நாட்களுக்கு முன் பதிவு மூடிவிடும். அடுத்த தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும், ஆனால் பிரதமர் நினைத்தால் அதற்கு முன்னரே வைக்கலாம். ஆகவே இந்த ஞாயிறே பதியச் சொல்லுங்கள். எத்தனையோ வருஷம் அங்கே வரி கட்டியும் ஒரு தடவைகூட வாக்குப் போடாத நம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். காரணம் உங்கள் மகன் சொன்னதேதான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

சரி, எந்தக் கட்சி? என் கதையைச் சொல்கிறேன்.

2009 தொடக்கம் 2020 வரை நான் வடமேற்கு லண்டனில் இருந்தேன். ஒரு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. முதல் வாக்கு 2010 மே 6, வியாழக்கிழமை. அங்கே எப்போதும் வியாழன்தான், காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. மேசையில் நூலில் கட்டிய பென்சில். ஒரு பெயருக்கு நேரே ஒரு புள்ளடி. விருப்பு இலக்கம் இல்லை, சின்ன விரலில் மை இல்லை. என் அக்கா மகன் அப்போது உயர்தரம் படிக்கத் தொடங்கியிருந்தான். பல்கலைக்கழகக் கட்டணத்தைக் கூட்டுவதற்கு எதிராக வாக்களிப்போம் என்று லிபரல் டெமோக்ரட் வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வாக்குறுதிக்காக அவர்களுக்குப் போட்டேன். அவர்கள் கன்சவேட்டிவுடன் சேர்ந்து கூட்டரசு அமைத்தார்கள். நான் வாக்குப் போட்ட வருஷம் கட்டணத்தின் உச்சவரம்பு 3,290 பவுண். பிள்ளை 2012இல் பல்கலைக்கழகம் போனபோது 9,000 பவுண்.

அன்றிலிருந்து விஞ்ஞாபனத்தை வாசிக்கும்போது இரண்டு கேள்வி கேட்பேன். இதைச் செய்யும் இடத்துக்கு இவர்கள் வருவார்களா? இதே விஷயத்தில் போன தடவை என்ன செய்தார்கள்?

"எங்கட சனத்துக்கு நல்ல கட்சி" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நானும் பல வருஷம் தூக்கித் திரிந்தவள். கணக்குப் பார்த்தால் எந்தப் பக்கமும் முழுதாய்ச் சாய்வதில்லை. 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கியது மார்கிரட் தட்சரின் கன்சவேட்டிவ் அரசு. ஒரு பொதுநலவாய நாட்டுக்கு அவர்கள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. 1987இல் தஞ்சம் கேட்ட தமிழ் இளைஞர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் உடையைக் கழற்றி நின்று தங்களைத் திருப்பி அனுப்பாதே என்று போராடியதும் அதே அரசின் காலத்தில். ஆனால் 2013 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கே வந்து காணாமற்போனோரின் தாய்மாரைக் கண்ட டேவிட் கமரூனும் கன்சவேட்டிவ் பிரதமர்தான். தொழிற்கட்சியைப் பாருங்கள். 2009இல் நம் சனம் வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக இருந்தபோது ஆட்சியில் அவர்கள்; யுத்தம் நிற்கவில்லை. 2025 மார்ச்சில் முன்னாள் படைத் தளபதிகள் மூவர் மீதும் விடுதலைப் புலிகளிலிருந்து பிரிந்த கருணா அம்மான் மீதும் தடை விதித்ததும் தொழிற்கட்சி அரசு. ஒரு கட்சியை நம் கட்சி என்று நெஞ்சில் ஒட்டிக்கொள்ள இந்தக் கணக்கு விடாது.

அப்புறம், உங்கள் மகனின் வீட்டையே தொடுகிற விஷயம். புதிதாகக் கெயார் விசாவில் வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வருவதை 2024 மார்ச்சில் நிறுத்தியது கன்சவேட்டிவ். உங்கள் மகன் அதற்குப் பிறகு போயிருந்தால் மருமகளும் பேத்தியும் இன்று களுவாஞ்சிகுடியில்தான் இருந்திருப்பார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயார் வேலைக்கு ஆள் எடுப்பதையே மூடியது தொழிற்கட்சி. ஐ.எல்.ஆர். என்ற நிரந்தர வதிவிடத்துக்கான 5 வருஷத்தைப் பொதுவாக 10 ஆக்கும் திட்டத்தையும், கெயார் போன்ற வேலைகளுக்கு 15 என்ற யோசனையையும் அந்த ஆண்டிலேயே கொண்டுவந்ததும் அவர்கள்தான். ரிஃபோர்ம் கட்சியின் நைஜல் ஃபராஜ் ஐ.எல்.ஆரையே இல்லாமல் செய்வோம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார். மருமகள் தொழிற்கட்சி என்று சொல்லும்போது இதையெல்லாம் நினைத்துத்தான் சொல்கிறாளா, இல்லை "அவர்கள் ஏழைகளின் கட்சி" என்று யாரோ சொன்னதைச் சொல்கிறாளா? நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். 2022இல் போன மகனுக்கு 2027 என்று நீங்கள் விரல் மடித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த எண்ணிக்கை யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம்தான் முதல் கேள்வி.

அண்ணன் மகனையும் குறை சொல்லாதீர்கள். 2025 ஏப்ரலில் முதலாளிமார் கட்டும் நஷனல் இன்சூரன்ஸ் 13.8 வீதத்திலிருந்து 15 ஆனது. நிறையப் பேரை வேலைக்கு வைத்திருக்கும் கடைக்காரருக்கு அது மாதாமாதம் தெரியும். அவன் அவன் கடையை வைத்துப் பார்க்கிறான். அது சுயநலமில்லை, வாக்கு அதற்கும்தான்.

இப்போது லெஸ்டர். கிழக்குப் பக்கம் என்று நீங்கள் எழுதியதைக் கண்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வீடு லெஸ்டர் கிழக்குத் தொகுதியில் இருந்தால், 2024 ஜூலை 4 தேர்தலில் நாடு முழுக்கத் தோற்ற கன்சவேட்டிவ், தன்னிடம் இல்லாத தொகுதி ஒன்றை மற்றவரிடமிருந்து பறித்த ஒரே இடம் அதுதான். எப்படி? அந்தத் தொகுதியில் முன்பு தொழிற்கட்சி எம்.பி.க்களாக இருந்த இரண்டு பேர், கட்சிக்கு வெளியே வந்து தனித்தனியாக நின்றார்கள். அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் வாக்கு. தொழிற்கட்சி தோற்றதோ நாலாயிரத்துச் சொச்சத்தால். ஏறக்குறைய 31 வீதத்தோடு கன்சவேட்டிவ் வேட்பாளர் வென்றார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு அம்பாறை நினைவு வரவில்லையா? 2020இல் கருணா அம்மானின் அணிக்கு 29 ஆயிரத்துச் சொச்சம், தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 25 ஆயிரத்துச் சொச்சம். ஏழு ஆசனத்தில் அம்பாறைத் தமிழர் தேர்ந்தெடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. நாடளாவிய வாக்குக்கு ஏற்பக் கட்சிக்குக் கிடைக்கும் தேசியப் பட்டியலால்தான் ஒருவர் போனார். கல்முனைப் பக்கம் அன்று சனம் அழுததை நான் கண்ணால் கண்டவள். அங்கே லெஸ்டரில் தேசியப் பட்டியலும் இல்லை. ஒரு தொகுதி, ஒரு ஆள், கூட வாக்கு எடுத்தவர் போவார். மற்ற வாக்கெல்லாம் அந்தத் தொகுதியோடு முடிந்தது. ஆகையால் மகன் நாட்டில் எந்தக் கட்சி என்று பார்க்கும் முன், தன் தொகுதியில் வெல்லக்கூடிய இரண்டு பேர் யார் என்று பார்க்க வேண்டும். அந்த இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பட்டும்: "நான் கெயார் வேலை செய்பவன், 2022இல் வந்தவன், ஏற்கெனவே வந்தவர்களுக்கும் வருஷத்தைக் கூட்டுவதில் உங்கள் நிலை என்ன?" பதில் எழுதுகிறாரா, என்ன எழுதுகிறார் என்பதிலேயே பாதி தெரியும்.

எம்.பி. யார் என்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், 2016இல் என் விசாக் கடிதம் ஒரு அலுவலகத்தில் எட்டு மாதம் கிடந்தது. தொலைபேசியில் மணிக்கணக்காகப் பாட்டுத்தான் கேட்டது. கடைசியில் கோப்பைத் தூக்கிக்கொண்டு எம்.பி.யின் சேர்ஜரிக்குப் போனேன். எம்.பி. சனத்தைச் சந்திக்கும் நேரத்துக்கு அங்கே அப்படித்தான் பெயர். நூலகத்தின் பின் அறை, வெள்ளிக்கிழமை பின்னேரம். நான் வாக்குப் போடாத கட்சிக்காரர். யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய உதவியாளர் எல்லாவற்றையும் எழுதி எடுத்தார், மூன்று கிழமையில் பதில் வந்தது. அன்றைக்கு அந்த நூலகப் படியில் இருந்து நான் அழுதேன். மகன் தேர்தல் வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதிருக்கும் எம்.பி.யிடமே போகலாம், வாக்காளராகப் பதியாதவரும் போகலாம்.

கடைசியாக உங்களிடம் ஒன்று, தங்கச்சி. அவன் உங்கள் பேச்சைத் தட்டமாட்டான் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்: கட்சியின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். விடியற்காலை ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் அவன், வீட்டு வாடகை கட்டுகிறவன் அவன். பதிந்துவிட்டாயா, உன் எம்.பி. யார் என்று மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கேளுங்கள்.

கேள்வி: அன்ரி, எனக்கு மாணவர் விசா கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு வருஷம்தான். நானும் வாக்களிக்கலாமா? எதைக் காட்ட வேண்டும்?
மாணவி, ஆலையடிவேம்பு

பதில்: ஓம் மகள், நீங்களும் பொதுநலவாய நாட்டுக் குடிமகள்தானே. போன உடனேயே தங்கும் முகவரியில் பதியுங்கள். வாக்குச்சாவடியில் படமுள்ள அடையாளம் காட்டுவது 2023இலிருந்து கட்டாயம். உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டை ஏற்பார்கள். பல்கலைக்கழக மாணவர் அட்டையை ஏற்கமாட்டார்கள், அதை மட்டும் கொண்டு போய்த் திரும்பி வராதீர்கள். தபாலில் வரும் வாக்காளர் அட்டை கட்டாயமில்லை.

கேள்வி: 2024இல் தொழிற்கட்சிக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, ஆசனம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட என்று வானொலியில் சொன்னார்கள். இது என்ன நியாயம்?
ஓய்வுபெற்ற தபாலதிபர், திருக்கோவில்

பதில்: ஐயா, வானொலி சொன்னது சரிதான். 33.7 வீதத்துக்கு 650இல் 411 ஆசனம். ரிஃபோர்ம் கட்சிக்கு 14.3 வீதம், ஆசனம் 5. லிபரல் டெமோக்ரட் 12.2 வீதத்தோடு 72. வாக்கு ஒரே இடத்தில் திரண்டதா, நாடெங்கும் தூவிக் கிடந்ததா என்பதுதான் வித்தியாசம். எனக்கும் இது நியாயமாகப் படவில்லை. ஆனால் உங்கள் வயதுக்கு இது புதிதாக இராது. 1977இல் நம் நாட்டிலும் இதே மாதிரி முறைதான். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 வீதம், 168இல் 140 ஆசனம். அன்று மட்டக்களப்பும் பொத்துவிலும் இரட்டை அங்கத்தவர் தொகுதிகளாக இருந்தபடியால்தான் இங்கே தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகத்துக்கும் ஆள் கிடைக்க ஒரு வழி இருந்தது. திருக்கோவில் அந்தப் பொத்துவில் தொகுதிக்குள்தானே. அந்த 1977 தேர்தல் நாள் உங்கள் ஊரில் எப்படி இருந்தது என்று ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள் ஐயா, அடுத்த இதழில் முழுதாகப் போடுகிறேன்.