மயக்கத்தில் இருந்தவர் தேர்ந்தெடுத்தாரா?

அன்புள்ள ஐயா,

டாலஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். அமெரிக்க மருத்துவம் பற்றி எழுதும்போதெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிகளையே குறை சொல்கிறீர்கள். 2010இல் வந்த ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தில் தோற்றது அவர்கள்தானே? ஏற்கெனவே நோய் உள்ளவருக்கும் பாலிசி கொடுத்தே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. டாக்டர்களும் மருந்துக் கம்பெனிகளும் வாங்குவதை ஏன் பேசுவதில்லை? இங்கே எங்களுக்குத் தேர்வு செய்யும் சுதந்திரமாவது இருக்கிறது. அரசாங்கம் கையில் போனால் அதுவும் இருக்காது. எங்கள் ஆபீசில் இப்போது ஓப்பன் என்ரோல்மெண்ட், அதாவது அடுத்த வருடக் காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் நேரம். மூன்று பிளான்கள். எதை எடுக்கலாம் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

டாக்டர் கட்டணமும் மருந்து விலையும் கொள்ளைதான். அதை இன்னொரு நாள் பேசுவோம். உங்கள் கடிதத்தில் ‘தேர்வு’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சில நாட்களாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இது நீங்கள் யோசித்துச் சொன்னது இல்லை. அந்த ஊரில் முப்பது வருடமாக ஓதப்படும் மந்திரம். 1993இல் அதிபர் கிளின்டன் எல்லாருக்கும் காப்பீடு என்று கிளம்பியபோது, காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் ஒன்று டிவியில் விளம்பரம் போட்டது. ஹாரி, லூயிஸ் என்று ஒரு தம்பதி, வீட்டு மேசையில் உட்கார்ந்து கவலையோடு பேசிக்கொள்வார்கள். அரசாங்கம் தேர்ந்தெடுக்கும், நாம் இழப்போம் என்பதுதான் பேச்சின் சாரம். அடுத்த வருடமே, நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் ஓட்டெடுப்புக்குக்கூட வராமல் அந்தத் திட்டம் செத்தது. விளம்பரம் மட்டுமே கொன்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் பயம் நிலைத்துவிட்டது. உங்கள் கடிதம் வரைக்கும் வந்திருக்கிறது.

2009இல் ஒபாமா அதே வேலையில் இறங்கியபோது காப்பீட்டு நிறுவனத்தார் வேறு வழி பிடித்தார்கள். வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் ‘சீர்திருத்தத்துக்கு நாங்களும் துணை’ என்றார்கள். அதே வருடம் அவர்கள் சங்கத்திலிருந்து 8 கோடி டாலருக்கு மேல், கம்பெனிகளின் அமைப்பான அமெரிக்க வர்த்தக சபைக்குப் போனது. அந்தச் சபைதான் சட்டத்தை எதிர்த்து விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

அப்புறம் ‘பப்ளிக் ஆப்ஷன்’. அரசே நடத்தும் ஒரு காப்பீடு, வேண்டுமென்றால் சேரலாம், வேண்டாமென்றால் விடலாம். பெயரிலேயே தேர்வு இருக்கிறது, பாருங்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை நவம்பரில் அதை நிறைவேற்றியது. செனட்டில் 60 ஓட்டு வேண்டும். செனட்டர் ஜோ லீபர்மன் முடியவே முடியாது என்றார். அவர் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். காப்பீட்டுத் தொழிலின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய ஹார்ட்ஃபர்ட் அங்கேதான் இருக்கிறது. டிசம்பரில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லாரும் காப்பீடு வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் என்பது மட்டும் அப்போது சட்டத்தில் நின்றது. நோயாளிகளை ஒதுக்கக் கூடாது என்றது பெரிய காரியம்தான். அதற்காக இதைக் கம்பெனிகளின் தோல்வி என்று எழுதுவீர்களா?

அந்த டிசம்பரில் நான் நியூஜெர்சியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணிக்குக் கர்ப்பப்பையில் கட்டி, அக்டோபரில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்கு முன்பே அண்ணி ஒவ்வொன்றாகப் போன் போட்டு விசாரித்தார். ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டிருக்கும் பட்டியலில், உண்டா? உண்டு. சர்ஜன்? உண்டு. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தார். டிசம்பரில் மயக்க மருந்து கொடுத்தவரின் பில் தனியாக வந்தது. அவர் நெட்வொர்க்கில் இல்லையாம். ‘நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவர் எங்கள் பட்டியலில் இல்லை’ என்று காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் சொன்னது.

அண்ணி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். “நான் எப்போ தம்பி தேர்ந்தெடுத்தேன்? எனக்கு அவர் முகமே தெரியாதே” என்றார். அடுத்த அறையில் டிவியில் செனட் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைப் பதினான்கு மாதம் தவணையில் கட்டினார்கள்.

இப்படி பில் அனுப்புவதைத் தடுக்கும் சட்டம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை இதற்கும் பெயர் தேர்வுதான். சுதந்திரம் என்கிறீர்களே, செந்தில், உங்கள் மேசையில் இருக்கும் மூன்று பிளானையும் தேர்ந்தெடுத்தது யார்? உங்கள் முதலாளி. அதற்குள் எந்த டாக்டர் என்பதைத் தேர்ந்தெடுத்தது? கம்பெனி. வேலை போனால் மூன்றும் போகும். வயதான அமெரிக்கர்களுக்கு 1965இலேயே அரசு மெடிகேர் என்ற காப்பீட்டைக் கொடுத்தது. அரசே நேரடியாக நடத்தும் மெடிகேரில் இருப்பவர் அதை ஏற்கும் எந்த டாக்டரிடமும் போகலாம். நெட்வொர்க் என்ற பேச்சே கிடையாது. அரசாங்கம் வந்தால் தேர்வு போய்விடும் என்று பயப்படுகிறவர், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்திருக்கலாம்.

சரி, எந்தப் பிளான் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. குழந்தைகள் பார்க்கும் டாக்டர் எதில் இருக்கிறார் என்று நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள். அண்ணி அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறார்.