ஃபோரம் மூடப்போறாங்களாம், என்ன பண்றது?

இந்த வாரம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே விஷயத்தைப் பத்தித்தான் இருந்துச்சு, அதனால மத்தத அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.

கேள்வி: 17 வருஷமா நான் இருக்கற ஒரு ஆன்லைன் ஃபோரம். அட்மின் திடீர்னு அடுத்த மாசத்தோட மூடறேன்னு நோட்டீஸ் போட்டுட்டார். எல்லாரும் சேர்ந்து சண்டை போட்டா மனசு மாறுவாரா? – பேர் போட வேணாம்னு கேட்ட வாசகி

சண்டை மட்டும் போடாதீங்க மேடம். ஒரு மாசம் டைம் குடுத்திருக்காரே, அதுவே பெரிய விஷயம். ஐஎம்டிபி தளத்துல சினிமா ரசிகர்கள் வருஷக்கணக்கா பேசிட்டிருந்த போர்டு எல்லாம் 2017 பிப்ரவரில மூடினப்போ, அறிவிச்சதுக்கும் மூடினதுக்கும் நடுவுல மூணு வாரம்கூட இல்ல. யாஹூ ஆன்ஸர்ஸ் 2021 ஏப்ரல்ல சொன்னாங்க, மே 4 அன்னைக்கு மூடியாச்சு. காசு இருக்கற கம்பெனிங்களே இப்படின்னா, உங்க அட்மின் தனி ஆளு.

ஏன் மூடறார்னா, அனேகமா காசு மட்டும் காரணமா இருக்காது. சர்வர் வாடகை, டொமைன் இதெல்லாம் ஒரு பக்கம், அதவிட சள்ளை என்னன்னா அந்த பழைய சாஃப்ட்வேர். பிஹெச்பிபிபி, விபுல்லட்டின் மாதிரி 2000 வாக்குல வந்த ஃபோரம் சாஃப்ட்வேர்ல ஆரம்பிச்சு, மேல மேல கூடுதல் வசதிக்குன்னு எவனோ எழுதின பிளகின் எல்லாம் ஒட்டி வச்சிருப்பாங்க, ஹோஸ்டிங்காரன் அது ஓடற பிஹெச்பி மொழியோட வெர்ஷனை மாத்தினா பாதி பக்கம் வெள்ளையா நிக்கும், அப்டேட் பண்ணாம விட்டா எவனாவது உள்ள புகுந்து பாஸ்வேர்டை எல்லாம் அள்ளிட்டுப் போவான். ராத்திரி 2 மணிக்கு ஸ்பேம் பாட் 300 அக்கவுன்ட் ஓபன் பண்ணும், காலைல வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் உக்காந்து அழிக்கணும். இப்ப சட்டமும் சேர்ந்துக்கிச்சு. பிரிட்டன்ல ஆன்லைன் சேஃப்டி ஆக்ட்ல தளம் நடத்தறவங்களுக்கு வச்ச பொறுப்புகள் 2025 மார்ச்ல நடைமுறைக்கு வர ஆரம்பிச்சப்போ, இவ்ளோ பேப்பர் வேலை தனி ஆளா எங்களால முடியாதுன்னு சில சின்ன கம்யூனிட்டிங்க கடையக் கட்டினாங்க.

சண்டைக்கு பதிலா ஒரு கேள்வி கேளுங்க: "நான் எடுத்து நடத்தறேன், குடுப்பீங்களா?" இத கேட்டதும் கத்தறவங்கள்ல முக்காவாசிப் பேர் காணாமப் போயிடுவாங்க, அது வேற விஷயம்.

கேள்வி: அண்ணே, நான் போட்ட 4000 போஸ்டும் போயிடுமா? அது என்னோடது இல்லையா? எப்படி எடுத்து வைக்கறது? – காலேஜ் மாணவர்

தம்பி, எழுதினது பொதுவா உங்களோடதுதான். சேரும்போது "ஒத்துக்கறேன்"னு டிக் பண்ணீங்கள்ல, அதுல வழக்கமா தளத்துக்கு அத காட்டறதுக்கு அனுமதி குடுத்திருப்பீங்க. ஆனா எப்பவும் வச்சுக் காப்பாத்துவோம்னு அவங்க வாக்கு குடுத்திருக்க மாட்டாங்க, அங்கதான் மாட்டறோம்.

4000 போஸ்டையும் எடுக்கணும்னு உக்காராதீங்க. "சூப்பர்", "நன்றி தல", "அதேதான்" இத எல்லாம் சேத்து வச்சு என்ன பண்ணப்போறீங்க. உங்க போஸ்ட தேடறத விட, உங்களுக்கு யாராவது உக்காந்து நீளமா பதில் எழுதியிருப்பாங்கள்ல, அந்த த்ரெட, அதாவது கேள்வியும் பதிலுமா வர்ற அந்தத் தொடர முழுசா, முதல்ல எடுங்க. தனியா உங்க போஸ்ட் மட்டும் எடுத்தா போன்ல ஒருத்தர் பேசறத மட்டும் கேக்கற மாதிரி இருக்கும்.

லாகின் இல்லாமலே படிக்கிற பக்கம்னா இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல லிங்க்க குடுத்து சேவ் பண்ணலாம். லாகின் பண்ணாத்தான் தெரியும்னா அது எட்டிப் பாக்காது, நீங்களே பிரவுசர்ல சேவ் பண்ணிக்கணும், இல்ல பிடிஎஃப். ஒரு நீள த்ரெட்ல 40 பக்கம் இருந்தா 40 தடவ பண்ணணும், மொத்த தளத்தையும் தானா காப்பி எடுக்கற ஹெச்டிடிராக் மாதிரி டூல் இருக்கு, ஆனா கடைசி வாரத்துல எல்லாரும் ஒரே நேரத்துல அத ஓட்டினா சர்வர் முன்னாடியே மண்டையப் போட்டுடும், அட்மின்கிட்ட சொல்லிட்டு மெதுவா ஓட்டுங்க. படத்த தனியா செக் பண்ணுங்க. நிறைய ஃபோரம்ல படம் ஃபோரம் சர்வர்லயே இருக்காது, வெளி தளத்துல இருக்கும். 2017ல ஃபோட்டோபக்கெட்ங்கற பட தளம் அப்படி வெளில காட்டறதுக்கு வருஷத்துக்கு 400 டாலர் கிட்ட கேட்டப்போ உலகம் பூரா ஃபோரம்கள்ல "இப்படி மாட்டணும், படத்தப் பாருங்க"ன்னு எழுதியிருக்கும், கீழ படமே இருக்காது. ரொம்ப பழைய தமிழ் போஸ்ட்னா இன்னொன்னு, அது யூனிகோடுக்கு முன்னாடி புழங்கின திஸ்கிங்கற தமிழ் எழுத்து முறைல இருக்கலாம், இப்பவே யூனிகோடுக்கு மாத்திடுங்க, பத்து வருஷம் கழிச்சு தொறந்தா புழு நெளியற மாதிரி இருக்கும்.

அப்புறம், மத்தவங்க உங்களுக்கு அனுப்பின பிரைவேட் மெசேஜ உங்களுக்குன்னு வச்சுக்கோங்க, பொதுவுல போடாதீங்க.

கேள்வி: எல்லாரும் வாட்ஸ்அப் குரூப்புக்கு போயிடலாம்ங்கறாங்க. எனக்கு மனசே ஒப்பல. நான் பழைய பஞ்சாங்கமா?

இல்லவே இல்ல. நானும் அந்த கட்சிதான். முதல் விஷயம், வாட்ஸ்அப் குரூப்னா பொதுவா போன் நம்பர் தெரிஞ்சிடும். 15 வருஷமா ஒரு யூசர்நேமாவே பழகினவங்க, அதுலயும் பெண்கள், எத்தனை பேர் அந்த கதவ தொறக்க தயாரா இருப்பாங்க? வந்தவங்க வந்தாங்க, வராதவங்க ஏன் வரலன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதோட தொடர்பு போச்சு. ரெண்டாவது, அங்க பேசறது கூகுள்ல சிக்காது. டிஸ்கார்டும் அப்படித்தான். ஃபோரம்ல 2009ல ஒருத்தர் கேட்ட சந்தேகத்துக்கு வந்த பதில் இன்னைக்கு யாரோ முன்பின் தெரியாத ஆளுக்கு உதவுது, குரூப்ல காலைல சொன்னத சாயங்காலம் நாமளே தேடிக் கண்டுபிடிக்க முடியல.

எங்க போறீங்களோ போங்க, மூடறதுக்கு முன்னாடி ஒரு த்ரெட் போட்டு அவங்கவங்க விரும்பற வழில தொடர்பு எழுதச் சொல்லுங்க. ஈமெயில், டெலிகிராம் பேர், எதுவா இருந்தாலும் சரி. இத மட்டும் தள்ளிப்போடாதீங்க.

கேள்வி: நான்தான் மூடற அட்மின். திட்டு வாங்கிட்டிருக்கேன். ஒழுங்கா மூடறது எப்படி?

முதல்ல பூட்டுங்க, அப்புறம் அழிங்க. புதுசா எழுத முடியாம, படிக்க மட்டும் விட்டு கொஞ்ச மாசம். முடிஞ்சா எல்லாத்தையும் வெறும் ஹெச்டிஎம்எல் பக்கமா மாத்தி வச்சா டேட்டாபேஸ் வேணாம், ஹேக் பயமும் குறையும், செலவும் குறையும். ஈமெயில், பாஸ்வேர்ட், பிரைவேட் மெசேஜ் இத எல்லாம் சுத்தமா அழிச்சிடுங்க. டொமைன மட்டும் இன்னும் சில வருஷம் ரினியூ பண்ணுங்க, விட்டீங்கன்னா சூதாட்டக்காரன் வாங்கி உங்க பேர்லயே கடை போடுவான். திட்டறவங்க அப்புறம் தேடுவாங்க, விடுங்க.

கேள்வி: கடைசி நாள் என்ன எழுதறதுன்னு தெரியல. நீங்க என்ன எழுதினீங்க?

நான் இருந்தது பழைய வால்வு ரேடியோ ரிப்பேர் பண்றவங்க ஃபோரம். கடைசி நாள் நான் ஒண்ணும் எழுதல, எழுதி எழுதி அழிச்சேன். ஜனங்க இணையதளத்த எப்படி பயன்படுத்தறாங்கன்னு ஆராய்ச்சி பண்ற ஜேக்கப் நீல்சன் 2006ல எழுதினாரே, 100 பேர்ல 90 பேர் சும்மா படிப்பாங்க, 9 பேர் எப்பவாவது எழுதுவாங்க, ஒருத்தர்தான் ஓயாம எழுதுவார்னு, அந்த ஒருத்தர் கட்சி நான், எனக்கே கை வரல. ஆனா அந்த 90ல இருந்து ஒருத்தர் வந்தார். எல்லாரும் விடை சொல்லிட்டிருக்காங்க, இவர் பாட்டுக்கு, வணக்கம்கூட சொல்லாம, "என் ரேடியோல ஸ்டேஷன் மாத்தினாலும் வால்யூம் குறைச்சாலும் ம்ம்ம்னு ஒரே சத்தம், என்னவா இருக்கும்?"னு கேட்டார். அதுதான் அவரோட முதல் போஸ்ட். நான் டைப் பண்ணி அனுப்பறதுக்குள்ள பூட்டிட்டாங்க.

ஃபில்டர் கெபாசிட்டர்தாங்க. காஞ்சு போயிருக்கும், மாத்திப் பாருங்க. கை வைக்கறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணிக்கோங்க, பழைய செட்டு, ஷாக் பலமா அடிக்கும்.