பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் காரில் இருபதாயிரம் ரூபாய்க்குள் என்ன மாற்றம் செய்தால் பிக்கப் கூடும்?

செகண்ட் ஹேண்டில் வாங்கியிருப்பீர்கள். கையில் இருபதாயிரம் இருக்கும். சைலன்சர் கடைக்காரர் ஏற்கெனவே ஆசை காட்டியிருப்பார். அங்கே போகாதீர்கள்.

காரைக்குடியில் நான் ஓட்டுவதும் அதே 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்தான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ கிடையாது. டர்போ வண்டிக்கு ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினின் கணினி புரோகிராமை மாற்றினால், இழுவை நன்றாகவே கூடும். இதில் அதே காசுக்குக் கிடைப்பது சொற்பம்.

எங்கள் பங்காளி வீட்டுப் பையன் சென்னையிலிருந்து, முன்னோர்களுக்குப் படையல் போடும் படைப்புக்கு வந்திருந்தான். அவனுடையதும் இதே மாடல். பானெட்டுக்குள் கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், 205/50 R17 என்ற பெரிய டயர், தெருவையே எழுப்பும் சைலன்சர். மறுநாள் புதுக்கோட்டைக்கு ஒரு கல்யாணம். மே மாத வெயில், இரண்டு வண்டியிலும் ஏசி, ஆளுக்கு நான்கு பேர். திருமயம் தாண்டி ஒரு செங்கல் லாரி. நான் மூன்றாவது கியரில் முந்திப் போய்விட்டேன். அவன் லாரிக்குப் பின்னால் உறுமிக்கொண்டே கிடந்தான்.

"பெரியப்பச்சி, நீங்கள் ரீமேப் செய்துவிட்டு மறைக்கிறீர்கள்" என்றான். மண்டப வாசலில் பானெட்டைத் திறந்து காட்டினேன். உள்ளே இருந்தது கம்பெனி ஃபில்டர் பெட்டி. அது முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. அவனுடைய கூம்பு எஞ்சின் சூட்டையே குடிக்கிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, சக்தியும் அந்த அளவுக்குக் குறையும். டயர் கணக்கு இன்னும் மோசம். கம்பெனி 165/80 R14 டயரின் விட்டம் சுமார் 620 மி.மீ., அவனுடையது 637. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு கியரும் நீண்டுவிடும், பிக்கப் மந்தமாகும். உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது ஸ்பீடோமீட்டர் 97 என்று காட்டும். எடையும் உரசலும் தனி.

வயதானவன் பொறாமை என்று எழுதுவதற்கு முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவைப் படித்துவிடுங்கள். அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு.

நான் செய்தது இவ்வளவுதான். வண்டி வாங்கியபோது டயரில் தரையைப் பிடிக்கும் கட்டை தேயாமல் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் 1814 என்ற எண்: 2014ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. ரப்பரில் நகத்தை அழுத்தினால் பதியவில்லை; இறுகிப்போன ரப்பர் சாலையைப் பிடிக்காது. பணத்தின் பெரும்பகுதி அதே அளவில் புது டயருக்குப் போனது. மிச்சத்தில் நான்கு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில், எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்தது. பழைய ஃபில்டரை மெக்கானிக் தரையில் தட்டினார். ஒரு கை செம்மண் கொட்டியது. இதெல்லாம் பராமரிப்புதானே, மாடிஃபிகேஷனா என்று சிலர் கேட்பார்கள். லாரியை முந்தியது எது என்று அவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது: டிக்கியைக் காலி செய்யுங்கள். ஆயிரம் கிலோகூட இல்லாத வண்டியில் 50 கிலோ என்பது சின்ன விஷயமல்ல. என் டிக்கியில் ஆத்தாவின் எவர்சில்வர் அண்டாக்கள் மாதக்கணக்கில் கிடந்தன. ஏன் என்று கேளுங்கள். பங்காளிகளுக்கெல்லாம் பொதுவான பரம்பரை வீட்டில் இரண்டாங்கட்டுச் சாமான் அறையைப் பூட்டிச் சாவியைச் சென்னைக்குக் கொண்டுபோனவர்கள் அந்தப் பையன் வீட்டார்தான். படைப்புக்கு வந்தால்தான் கதவு திறக்கும். ஓடு மாற்ற வேண்டும் என்று என்னிடம் மட்டும் இரண்டு பங்கு வாங்கினார்கள். மழைக்கு முகப்பு இன்னமும் ஒழுகுகிறது, கணக்குக் கேட்டால் போனை எடுப்பதில்லை. மகனுடைய சைலன்சருக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும்.